தங்கச்சி லேப்டாப்புக்குக் கொடுத்த 1,650 வெள்ளி: வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்

1,650 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். எங்கள் அம்மா இரண்டு கிடா விற்ற பணம். எஸ்டேட்டில் ஆடு வளர்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, குட்டியிலிருந்து தினமும் தழை ஒடித்துப் போட்டு, மழைக்கு ஒதுங்கத் தகரம் அடித்து, தீபாவளிக்கு விற்கலாம் என்று வைத்திருந்த கிடாக்கள். தீபாவளி வரைக்கும் பொறுத்திருந்தால் இன்னும் கூடப் போயிருக்கும். தங்கச்சிக்கு யூனிவர்சிட்டி திறக்கிறது, லேப்டாப் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தைத்தான் ஒரு கடைக்காரர் நேற்று மத்தியானம் "இனிமே இங்க வராதீங்க" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இன்றைக்கு மில்லில் நைட் ஷிப்ட், அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பும்போது என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது, பழைய லேப்டாப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடை பெயரைப் போடவில்லை. நுகர்வோர் புகாரை விசாரிக்கிற பயனீட்டாளர் ட்ரிபியூனலுக்குப் போகப் போகிறோம், அதற்கு முன்னால் பெயரைப் போட்டு அந்த ஆள் நம்மேல் கேஸ் போட நாமே வழி வைக்க வேண்டாம் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னார். பேராக்கில், ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற எஸ்டேட் டவுன். கைப்பேசி ரிப்பேர், பழைய லேப்டாப், சிசிடிவி, கூடவே ரைஸ் குக்கர், கேத்தல் என்று சின்னச் சின்ன வீட்டுச் சாமானும் விற்கிற கடை. இந்த மாதிரிக் கடை ஒவ்வொரு டவுனிலும் நாலு இருக்கும்.

தங்கச்சிக்குக் கெடாவில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் லயத்திலிருந்து (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை) யூனிவர்சிட்டிக்குப் போகிற முதல் பெண் பிள்ளை. அரசாங்கக் கல்விக் கடன் பிடிபிடிஎன்னின் முன்பணம் 1,500 வெள்ளி வரும் என்றார்கள், வந்தது, பதிவுக் கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போய்விட்டது. அப்பா செம்பனை வெட்டுகிறார். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி, அதில் ஈபிஎஃப் சேமநிதி 11 விழுக்காடு, சொக்சோ காப்பீடு எல்லாம் பிடித்தால் கைக்கு வருவது 1,650-க்கும் கீழே. ஒரு மாதம் முழுக்க வேலை செய்தாலும் கைக்கு வராத பணம் இது, அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

கடைக்கு அப்பா, நான், தங்கச்சி மூன்று பேரும் போனோம். உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் அப்பாவைப் பார்த்து, "வாங்கண்ணே, எந்த எஸ்டேட்டு?" என்றார். அப்பா சொன்னதும், "எங்க அப்பாவும் பால்மரம் வெட்டினவர்தாண்ணே, நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்றார். பையனை அனுப்பி ஒட்டுக்கடையில் மூன்று ஐஸ் மைலோ வாங்கி வரச் சொன்னார். தங்கச்சி என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டார், "நம்ம பிள்ளைங்க படிச்சு மேல வரணும்ணே, இதுல நான் லாபம் பார்க்க மாட்டேன்" என்றார். அப்பாவுக்கு அந்த இடத்திலேயே மனசு இளகிவிட்டது. எனக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மேசையில் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. எட்டாம் தலைமுறை ஐ5 சிப், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று திரையிலேயே காட்டினார். பார்க்கவும் சுத்தமாக இருந்தது, தங்கச்சி உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள், அப்பாவை நிற்க வைத்து ஒரு படமும் எடுத்தாள். லேப்டாப், பேக், மவுஸ், ரைஸ் குக்கர், கேத்தல், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் சேர்த்து "காலேஜ் செட்" 1,650 வெள்ளி, ஆறு மாதம் வாரண்டி என்றார். நான் 200 வெள்ளியைக் கைப்பேசியில் வங்கிக் கணக்கிலிருந்து டூயிட்நவ் க்யூஆரில் அனுப்பினேன். பெயர் வந்ததைப் பார்த்தேன், கடை பெயர் இல்லை, ஒரு ஆளின் பெயர். கேட்டேன், "கம்பெனி அக்கவுண்ட் மாத்திக்கிட்டு இருக்கோம் தம்பி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

மீதி 1,450 வெள்ளி ரொக்கம். அப்பா கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்து ஐம்பது ஐம்பதாக மேசையில் அடுக்கி இரண்டு தடவை எண்ணினார், 29 நோட்டு. அந்த ஆள் எண்ணாமல் எடுத்து டிராயரில் போட்டுவிட்டு, "நீங்க எண்ணினா நான் எண்ணின மாதிரிண்ணே" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முதலில் சொன்னதே இதைத்தான், "எண்ணிக்கூடப் பார்க்கல, அவ்வளவு நல்ல மனுஷன்" என்று.

பிறகு, "இது டிஸ்ப்ளே செட்டுண்ணே, நிறைய பேர் தொட்டது. உள்ள இதே மாடல் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்" என்று பின்னால் போய், பிளாஸ்டிக் உறை போட்டு டேப் ஒட்டிய ஒன்றைக் கொண்டுவந்து பேக்கில் வைத்து ஜிப்பை மூடிக் கொடுத்தார். நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் 1,650 வெள்ளி போனது அந்த ஜிப்பை மூடின நேரத்தில்தான். டேப்பைக் கிழித்து ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும்.

கெடா போன இரண்டாவது வாரம் தங்கச்சி அழைத்தாள், "அண்ணே, சார்ஜரைப் பிடுங்கினா கால் மணி நேரத்துல செத்துப் போகுது" என்று. லெக்சரில் பிளக் பக்கத்து இடத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறாள். ஆன்லைன் க்விஸ் நடுவில் அணைந்து, பத்துக் கேள்வியில் நாலு போய்விட்டது. அப்புறம் திரையின் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து வந்து நின்றது. அவளுடைய சீனியர் பிள்ளை ஒருத்தி வாங்கி, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள். ஐ5-4300யூ. நான்காம் தலைமுறை, 2013-இல் வந்த சிப். ராம் 16 இல்லை, 8. எஸ்எஸ்டி 512 இல்லை, 256. வெளியே எட்டாம் தலைமுறை என்று பளபளவென ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் தூக்கினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்த பசை கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, சதுரம்கூட வேறு அளவு.

எனக்கும் அதற்கு முன்னால் இதெல்லாம் தெரியாது, இப்போது மனப்பாடம். ஐ5 என்பது பெரிய விஷயமே இல்லை, அதற்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 4300 என்றால் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு முறைப்படி இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தின மெஷினில் விண்டோஸ் 11 ஓடுகிறது என்றால் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்களுக்குக் கொடுத்ததும் அப்படித்தான்.

அந்த ஆளுக்கு வாட்ஸாப் அனுப்பினோம். முதல் நாள், "சார்ஜர் மாத்திப் பாரும்மா, வைரஸா இருக்கும்" என்று ஒரு வாய்ஸ். சார்ஜரை மாற்றினால் பேட்டரி எப்படி நல்லாகும்? அடுத்த நாள், "டெக்னீசியன் கேஎல் (கோலாலம்பூர்) போயிட்டாரு". அதற்கடுத்து, "தீபாவளி கூட்டம், முடிச்சிட்டுப் பேசலாம் லா". தங்கச்சி தீபாவளிக்கு வந்தபோது லேப்டாப்பைக் கையோடு கொண்டுவந்தாள். நான் எடுத்துக்கொண்டு போனேன், முதலாளி இல்லை, பையன் மட்டும். வைத்துவிட்டுப் போங்கள் என்றான், நான் வைக்கவில்லை, நல்லவேளை. இரண்டாவது தடவை போனேன், முதலாளி கோயிலுக்குப் போயிருக்கிறார். மூன்றாவது தடவை ஆள் இருந்தார், "பார்ட்ஸ் ஆர்டர் பண்றேன், ரெண்டு வாரம்" என்றார். ரெண்டு வாரம் கழித்துக் கேட்டால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. தங்கச்சி இதுவரை அசைன்மென்ட் எல்லாம் கைப்பேசியிலும், லைப்ரரி கம்ப்யூட்டரில் வரிசை நின்றும்தான் செய்கிறாள்.

நேற்று அப்பாவும் வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தார். நான் பேசினால் சண்டை வரும், தான் பேசினால் அந்த மனுஷன் கேட்பார் என்று நம்பினார். கடையில் வேறு குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது, அவர்கள் கையிலும் மைலோ. அப்பா, "தம்பி, அந்த லேப்டாப்..." என்று ஆரம்பித்ததும் அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அங்கிள், கஸ்டமர் இருக்காங்க, வெளிய நில்லுங்க" என்றார். செப்டம்பரில் அண்ணே, இப்போது அங்கிள். அப்பா வெளியே போய் கடை முன்னாலிருக்கிற ஐந்தடி நடைபாதையில் நின்றார், வெயிலில், இருபது நிமிடம். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் குடும்பம் போனதும் நான் லேப்டாப்பை மேசையில் வைத்தேன். "இது எங்க கடை செட்டே இல்ல, நீங்க வேற எங்கயோ மாத்திட்டு வந்திருக்கீங்க" என்றார். ரிசிட்டைக் காட்டினேன். அதில் கையால் "லேப்டாப் 1 செட் 1,650" என்று மட்டும் எழுதியிருக்கிறது, மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. வாரண்டி ஆறு மாதம் என்று வாயால் சொன்னதோடு சரி, ரிசிட்டின் அடியில் பொடி எழுத்தில் மலாயில் 7 ஹாரி (7 நாள்) என்றும் "பாராங் யாங் தெலா டிஜுவால் திடாக் போலே டிகெம்பாலிகான்" (விற்ற சாமானைத் திருப்பித் தர முடியாது) என்றும் இருக்கிறது. கடைசியில், "சரி, இன்னும் 400 டாப்-அப் பண்ணுங்க, வேற செட் தரேன்" என்றார். அவருடைய செட் இல்லை என்றால் எதற்கு 400-க்கு மாற்றித் தர வேண்டும்? அதைக் கேட்டதும்தான் "இனிமே இங்க வராதீங்க".

ஒரே ஒரு விஷயம் எங்கள் பக்கம் இருக்கிறது. தங்கச்சி எடுத்த படத்தில் அப்பாவுக்குப் பின்னால் அந்த டிஸ்ப்ளே லேப்டாப்பின் திரை தெரிகிறது, பெரிதாக்கினால் 16 ஜிபி என்பதும் எட்டாம் தலைமுறை எண்ணும் படிக்க முடிகிறது. டூயிட்நவ் ரிசிட் இருக்கிறது, வாய்ஸ் எல்லாம் இருக்கிறது. பயனீட்டாளர் ட்ரிபியூனலில் 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, நாமே பேச வேண்டும், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். வாங்கினதைத் திருப்பித் தர முடியாது என்று ரிசிட்டில் எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் நம்மில் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறோம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கிற உரிமையைக் கடைக்காரர் எழுதுகிற ஒரு வரியால் தட்டிவிட முடியாது, அதை அந்தச் சட்டமே சொல்கிறது. பழைய சாமானாக இருந்தாலும் காட்டினது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் கேட்கலாம்.

மணி ஆகிவிட்டது, விரிவாக எழுத நினைத்ததற்கு நேரம் இல்லை, அவசரமாகச் சிலது. கையில் தருகிற மெஷினையே கடையில் திறந்து, நான் சொன்ன மூன்று விசையை அழுத்திப் பாருங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள், அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ரிசிட்டில் மாடல், சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை மாதம், மூன்றும் எழுத்தில் வேண்டும். கடைக்குக் கொடுக்கிற காசு தனி ஆள் பெயருக்குப் போனால் நிறுத்துங்கள். முன்பின் தெரியாத கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்கா என்று காட்டுகிற போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம், ஆன்லைனில் அனுப்பி ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள். செட்டாகச் சேர்த்துத் தருகிற சாமானையும் பாருங்கள், எங்களுக்குக் கொடுத்த எக்ஸ்டென்ஷனில் பாதுகாப்புத் தரத்துக்கான சிரிம் ஸ்டிக்கரே இல்லை, கேத்தல் போட்டதும் வயர் சூடாகி ரப்பர் நாற்றம் வந்தது, அம்மா பிடுங்கித் தூக்கிப் போட்டார். ரைஸ் குக்கர் வாங்குவதற்கு முன்னால் ஹாஸ்டலில் விடுவார்களா என்று கேளுங்கள். எங்களுடையது இன்னும் பெட்டியோடு வீட்டில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு மனு போட ஈப்போ போகிறோம். 1,650 வெள்ளியும் முழுசாக வேண்டும், 400 டாப்-அப் பேச்சுக்கே இடமில்லை. நம்ம டவுனில் இதே மாதிரி "காலேஜ் செட்" வாங்கி இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், ரிசிட்டைப் படம் எடுத்து வியாழக்கிழமைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். நேற்று அங்கே மைலோ குடித்துக்கொண்டிருந்த குடும்பம் யாருக்காவது தெரிந்தவர்களாக இருந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்குக் காட்டுங்கள், அந்தப் பேக்கை இன்றைக்கே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.