லஸ்ஸுக்கு எப்படிப் போவது?

டொரொன்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் மயிலாப்பூர், தி. நகர், கோடம்பாக்கம், வளசரவாக்கம்காரர்களுக்கு முதல் தகவல்: மனசில் இருக்கும் பழைய வழிகள் எதுவும் இப்போதைக்கு உதவாது. மழையும் மெட்ரோ வேலையும் ஒன்றாகச் சேர்ந்த நவம்பரில் நான் போய்விட்டு வந்தேன். அம்மா இருப்பது மந்தைவெளியில். அங்கிருந்து மயிலாப்பூரின் லஸ் முனை ஒன்றரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பள்ளிக்கூட நாளில் பாட்டு கிளாஸுக்கு நடந்தே போவேன். இப்போது அந்தத் தூரத்துக்கு ஆட்டோவைக் கூப்பிட்டால், "லஸ்ஸுக்கா? வேணாங்க்கா. உள்ள போனா வெளிய வர்றதுக்கே அரை மணி ஆகும்" என்கிறார் டிரைவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடங்களை ஒரே காலத்தில் கட்டுகிறார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். மொத்தம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் முதல் கட்டம், விம்கோ நகர் வரையான நீட்டிப்பையும் சேர்த்தே, 54 கிலோமீட்டர்தான். அதற்கே அண்ணா சாலை பல வருஷம் ஒருவழிப் பாதையாகக் கிடந்ததும், 2017-இல் சர்ச் பார்க் பள்ளிக்கூடம் பக்கத்தில் ரோடு உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்த முறை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஊர் முழுக்க.

மயிலாப்பூரின் கஷ்டம் தனி. இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையம் லஸ்ஸை ஒட்டி வருகிறது. தெரு அகலம் கிடையாது, பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிற்கிறது. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் தண்டவாளங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஆழம் சுமார் 35 மீட்டர். "கீழ மிஷின் போகுது, அதான் ரோட்டை அடைச்சிருக்காங்க" என்று எதிர்வீட்டு மாமா எனக்கு விளக்கினார். மிஷின் போவது மேலே நடப்பவருக்குத் தெரியவே தெரியாது, மாமா. பனகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கத்துக்கு பெலிகன், மயில் என்று பெயர் வைத்த இரண்டு எந்திரங்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ரயில் பாதைக்கும் அடியிலேயே குடைந்துகொண்டு போயின. அடைப்பெல்லாம் நிலையத்துக்காக. முதலில் பூமிக்குள் சுற்றுச்சுவர் இறக்க வேண்டும், அப்புறம் அந்தச் சுவருக்குள் இருக்கும் மண்ணை அள்ள வேண்டும், அள்ளியதை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். இத்தனையும் தெருவில் நின்றுதான் செய்ய முடியும். எனவே நிலையம் வரும் இடத்தில் உங்கள் வீடோ டாக்டரோ இருந்தால் வருஷக்கணக்கில் அனுபவிக்க வேண்டியதுதான்.

சரி, சேவைகள் எப்படி என்று பார்ப்போம். நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருந்தது.

வாகனங்களைத் திருப்பிவிடுவதில் சென்னை தேறிவிட்டது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலிருந்து மந்தைவெளிக்கு வருகிற வண்டிகள் லஸ் சர்ச் ரோடு, டிசில்வா ரோடு, பக்தவத்சலம் சாலை, ரங்கா சாலை என்று ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன. ஒருகாலத்தில் மத்தியானத்தில் காக்காய் சத்தம் மட்டும் கேட்ட தெருக்கள் அவை. சுற்று நீளம்தான், ஆனால் வழி எங்கேயும் தொலைவதில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி போட்ட பலகை, ஒளிரும் ஜாக்கெட் போட்ட மார்ஷல் ஒருவர், கையில் விசில். முக்கியமான சந்திப்புகளில் போக்குவரத்துக் காவலரும் இருக்கிறார். போக்குவரத்துக் காவல்துறை 2023-இல் கொண்டுவந்த ரோட்ஈஸ் என்ற செயலி வழியாக, ரோடு மூடுவதையும் திறப்பதையும் அவர்களே கூகுள் மேப்பில் ஏற்றிவிடுகிறார்கள். ராத்திரி மாற்றிய வழி காலையில் என் போனில் சரியாகக் காட்டியது. இருபது வருஷத்துக்கு முன்னால் "நேரா போய் லெப்ட்ல கட் பண்ணுங்க" என்று பெட்டிக்கடைக்காரர் சொல்வதை நம்பி ஊர் சுற்றியவளுக்கு இது பெரிய விஷயம்.

விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் பெட்டி அதிகம் இல்லையென்றால் மெட்ரோவில் ஏறிவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு முதல் வண்டி. எங்கே போனாலும் 50 ரூபாய்க்கு மேல் டிக்கெட் கிடையாது. நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ இறங்கி ஆட்டோ பிடிப்பது வசதி. டாக்ஸியில் வந்தால் கத்திப்பாரா தாண்டி எங்கே மாட்டுவீர்கள் என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் டிக்கெட் வாங்கலாம். நான் அதை நிறையப் பயன்படுத்தினேன். கண்டக்டர்களுக்குச் சில்லறைத் தொல்லை விட்டதில் முகமே மாறியிருக்கிறது.

இதெல்லாம் சக்கரத்தில் போகிறவர்களுக்கு. நடந்து போகிறவர்களின் கதை வேறு.

அதே கூகுள் மேப்பை நடக்கும் வழிக்கு மாற்றிப் பாருங்கள். கார் போக முடியாது என்று அதற்கு நன்றாகத் தெரிந்த இடத்தில், என்னை நேராகப் பச்சைத் தகரத் தடுப்புக்குள் போகச் சொன்னது. தகரத்தின் மறுபக்கம் கிரேன். கார் போகும் வழி மூடினால் தகவல் சொல்ல ஒருவர் இருக்கிறார், நடைபாதை மூடினால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தகரத்துக்கும் கடை வாசலுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து இருக்கும். அதிலும் கொஞ்ச தூரத்தில் ஒரு மின்பெட்டி, அல்லது மூடியில்லாத கால்வாய், அல்லது ஹாரன் அடித்துக்கொண்டே எதிரில் வரும் ஸ்கூட்டர். மழை பெய்த மறுநாள் சேறு எது, பள்ளம் எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குறையும் இல்லை. வாசலுக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே கார் நின்றுவிட்டது. எதிரே அசையாத வண்டி வரிசை, டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். எழுபத்தெட்டு வயது அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தகரத்தை ஒட்டி நடக்க ஆரம்பித்தால் பாதியில் நடைபாதை முடிந்து ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது. பஸ் உரசிக்கொண்டு போகிறது. அங்கே நின்ற மார்ஷல் பையன், இருபது வயது இருக்கும், எங்களைப் பார்த்துவிட்டு விசிலை ஊதிக் கொடியை நீட்டி ஒரு வரிசையையே நிறுத்தினான். "பாட்டி, எம் பின்னாடியே வாங்க. தண்ணி இருக்கற எடத்துல கால வெக்காதீங்க, உள்ள கம்பி இருக்கு." ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். பின்னால் ஹாரன் சத்தம் வானத்தைத் தொட்டது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அவனுக்கு இருபது ரூபாய் கொடுக்கப் பார்த்தாள், வாங்கவில்லை.

அந்தப் பையனை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை வண்டியை நகர்த்துவது. அம்மாவைக் கூட்டிப்போனது அவனாகச் செய்த உபகாரம். அன்றைக்கு அங்கே வேறு ஒருவர் நின்றிருந்தால்?

டொரொன்டோவோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே எக்ளிண்டன் சாலையில் ரயில் வேலையை 2011-இல் தொடங்கினார்கள், 2020-இல் ஓடும் என்றார்கள். 2020 வந்து போனது, ரயிலைக் காணோம்; 2026-இல்தான் ஓடியது. அந்தச் சாலையில் லிட்டில் ஜமைக்கா என்ற பகுதியில் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. வேகத்தில் சென்னைக்குப் பாடம் சொல்ல அவர்களுக்கு அருகதை கிடையாது. ஆனால் அத்தனை வருஷக் குழப்பத்திலும் நான் பார்த்த ஒன்று, கார் போகும் தடத்தைக் குறைத்த இடத்தில்கூட நடப்பவருக்கு வேலி போட்ட பாதை ஒன்று இருந்தது. படி வரும் இடத்தில் பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் அதில் போயிருக்கிறேன். இடமில்லையென்றால் "எதிர்ப்பக்கம் போகவும்" என்று முந்தைய சிக்னலிலேயே பலகை இருக்கும், பாதி தூரம் வந்தபின் திரும்ப வேண்டியதில்லை.

இதற்கு இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. ரோட்டில் வேலை நடக்கும்போது போக்குவரத்தை எப்படிச் சமாளிப்பது என்று, சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது, அதில் நடப்பவர்களுக்கான தற்காலிகப் பாதையும் உண்டு. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று 2014-இலேயே தனிக் கொள்கை ஏற்றுக்கொண்ட மாநகராட்சியும் சென்னைதான். பாண்டி பஜாரில் அகலமாக நடைபாதை போட்டுக் காட்டிய ஊர் இது, தெரியாமல் இல்லை. தகரம் அடிக்கும்போது மட்டும் அந்த ஞாபகம் வருவதில்லை.

பஸ் நிறுத்தமும் இந்தக் கணக்கில் சேரும். 21ஜி-யும் 29சி-யும் பழகிய வழியில் வராதபோது எங்கே நின்று ஏறுவது என்று பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு வழி கிடைக்கவில்லை. நாலு பேர் கூட்டமாக நிற்கும் இடம்தான் நிறுத்தம். செயலியில் பஸ் வருவது தெரிகிறது, எந்த மரத்தடிக்கு வருகிறது என்பது பூக்காரம்மாவைக் கேட்டால்தான் தெரிகிறது. ஆள் போகவே வழியில்லாத இடத்துக்கு 'பேருந்தைப் பயன்படுத்துங்கள்' என்று சொல்லி என்ன பிரயோசனம்?

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் தூண்கள் எழும்பியாகிவிட்டது, சில இடங்களில் தடுப்பு சுருங்கி ரோடு கொஞ்சம் மூச்சு விடுகிறது. இந்திரா நகரிலும் டைடல் பூங்கா பக்கமும் கட்டிய யூ வடிவ மேம்பாலங்கள் நன்றாக வேலை செய்கின்றன. ஆற்காடு சாலையில் ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டருக்கு ஒரே தூணில் மேலும் கீழுமாக இரண்டு ரயில் பாதைகள். அண்ணாந்து பார்க்க மலைப்பாக இருக்கும், அதே நேரம் வண்டியில் போகும்போது வயிற்றைக் கலக்கும். 2025 ஜூனில் ராமாபுரம் பக்கம் மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோ பாலத்தின் கர்டர் (கான்கிரீட் உத்தரம்) விழுந்து பைக்கில் போன ஒருவர் இறந்துபோனார். என் தம்பி இன்னும் அந்த வழியைத் தவிர்க்கிறான். பூந்தமல்லி பக்கம் டிரைவர் இல்லாத ரயிலின் சோதனை ஓட்டத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது, பயணிகளை ஏற்றவில்லை.

வீட்டை விட்டு இறங்காமலே முடிந்த ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும். அப்பா ரயில்வேயில் இருந்தவர், அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன், நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். எப்போதும் வங்கிக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். இந்த முறை தபால்காரரே வீட்டுக்கு வந்தார். ஆதார் எண், கைரேகை, எழுபது ரூபாய், முடிந்தது. லஸ் பக்கம் போகாமல் ஒரு காரியம் நடந்ததை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மார்கழிக் கச்சேரிக்கோ கபாலீஸ்வரர் தரிசனத்துக்கோ போகிறவர்களுக்கு: காரில் மாட வீதிக்குப் போகும் ஆசையை விட்டுவிடுங்கள். பறக்கும் ரயிலில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தில் இறங்கினால் சின்னத் தெருக்கள் வழியாகக் கோயிலுக்கு நடந்துவிடலாம், அந்தப் பக்கம் தகரம் குறைவு. ஐந்து ரூபாயிலிருந்து டிக்கெட். நிலையத்தில் விளக்கு மங்கல், லிஃப்ட் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள், முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு ஒத்துவராது. அவர்கள் காலை எட்டு மணிக்குள் ஆட்டோவில் போய், மந்தைவெளிப் பக்கமிருந்து தெற்கு மாட வீதியில் இறங்கிக்கொள்வது நல்லது. திரும்பும்போது ஆட்டோவைக் கோயில் வாசலுக்குக் கூப்பிடாமல் மந்தைவெளிப் பக்கம் கொஞ்சம் நடந்து வந்து கூப்பிடுங்கள், ரத்து செய்யாமல் வருகிறார்கள். குடை எடுத்துப் போகிறவர்கள் மடக்குக் குடையாக எடுத்துப் போங்கள். அந்தச் சந்தில் நீளக் குடையை விரிக்க முடியாது.