புறாமலைக்குத் தனியாகப் போகலாமா?

மட்டக்களப்பிலிருந்து இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவைப் பற்றி, "தனியாகப் போகலாமா, எவ்வளவு காசு முடியும்?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் அனுப்பத்தான் நினைத்தேன். எரிச்சல் ஒரு வரியில் அடங்கவில்லை.

கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை, விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் வருடம் தவறாமல் அங்கே போகிறவன் நான். தீவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். 2003இல் தேசிய பூங்காவாக்கினார்கள். முகக்கண்ணாடியை மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் போதும், அதிகம் ஆழமில்லாத இடத்திலேயே முருகைக்கல்லும் அதைக் கொறிக்கும் கிளிமீன்களும் தெரியும். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் நம்மைக் கண்டதும் ஒதுங்கிப் போய்விடும். முதல்முறை பயந்தவர்கள்கூட இரண்டாம் முறை அதைத்தான் தேடுவார்கள். போட்டும் ஓட்டிகளும் நன்று. உயிர்காப்பு அங்கி கட்டாமல் என்னை யாரும் ஏற்றியதில்லை.

என் பிரச்சினை கரையில்தான். போட்டுக்கான கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, முழுப் போட்டுக்கும் இவ்வளவு. ஆறேழு பேராகப் போனால் பிரித்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். தனி ஆளாகப் போய் நின்றால், "தம்பி, இன்னும் நாலு பேர் வரட்டும், வெளிக்கிடுவம்" என்பார்கள். அந்த நாலு பேர் வரவே மாட்டார்கள். பின்னே ஒரு குடும்பம் வரும், அவர்கள் பன்னிரண்டு பேர், அவர்களுக்குத் தனிப் போட் வேண்டும். இதற்குள் வெயில் ஏறிவிடும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் தண்ணீர் கலங்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. காலை கடல்தான் இந்தப் பயணத்தின் முழுப் பெறுமதியும். அதை மணலில் குந்தியிருந்து தொலைக்கிறோம். வெளிநாட்டவர் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய நுழைவுச்சீட்டில் குழுவுக்கென்று ஒரு சேவைக் கட்டணமும் சேர்கிறது, தனி ஆள் அதையும் முழுதாகச் சுமக்க வேண்டும்.

சரி, அங்கே போய்ச் சேர்வதாவது சுலபமா? தனியார் பஸ்ஸில் ஏறினால் இதே கதை. சனம் நிரம்பும்வரை உறுமிக்கொண்டு நிற்கும், பிறகு உப்புவெளி வரைக்கும் ஆமை வேகம். அதற்குப் பிறகுதான் பறக்கும். ஆகவே நான் அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) சிவப்பு பஸ்ஸுக்காகவே காத்து நிற்பேன். ஆசனம் கிழிந்திருக்கலாம்; ஆனால் நேரம் வந்தால் ஐந்து பேருடனும் வெளிக்கிடும். புல்மோட்டைப் பக்கம் போகிற ஆசிரியருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் கிழவிக்கும் அதுதான் சேவை. கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெயர் நட்டம். மாணவர் பருவச்சீட்டுக்கும் வருமானமில்லாத பாதைகளுக்கும் அரசு காசு கொடுத்தால்தான் அது ஓடும், அந்தக் காசு தாமதமானால் முதலில் வெட்டுப்படுவது இப்படிப்பட்ட பாதைகள். 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் முடிவில் 460 ஆனது. அந்த நாட்களில் பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"மணிக்கொரு போட், ஆளுக்கு இவ்வளவு என்று விட்டால் என்ன?" என்று பழக்கமான ஓட்டி ஒருவரிடம் கேட்டேன். "ஆளில்லாமல் ஓடினால் எண்ணெய்க் காசு ஆர் தாறது?" என்றார். நியாயமான கேள்வி. அதே 2022 ஓகஸ்டில் போட்டுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே அடியாக 340க்குப் போனதைப் பார்த்தவர் அவர். பஸ்ஸுக்காவது கேட்க ஒரு திறைசேரி இருக்கிறது, இவருக்கு அதுவும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு விற்கத் தெரிந்தவர்களால், காலை எட்டுக்கும் பத்துக்கும் ஆளெண்ணிக்கை பாராமல் இரண்டே இரண்டு போட்டுகளை ஏற்பாடு செய்ய முடியாதா? தனியாக வருகிறவன் மீன் பார்க்கக்கூடாதா?

தீவுக்குப் பத்துக்குப் பத்து. ஓட்டிகளுக்கு ஒன்பது. தனியாக என்றால் போகாதீர்கள் நண்பரே, காசுக்குக் கேடு. வருகிற சனிக்கிழமை நானும் அலுவலகத்தில் மூவரும் போகிறோம், ஓரிடம் இருக்கிறது. சிவப்பு பஸ்ஸில்தான் போவோம், சில்லறை மாற்றிக்கொண்டு வாருங்கள்.