ஒரு 'பி' குறைந்த மாறிலி: செக்பேட்ச்சோடு மூன்று ஆண்டுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், வன்பொருளை இயக்கும் டிரைவர்களுக்கான ஆவணங்களில் பிழை திருத்த மூன்று ஆண்டுகளாகச் செக்பேட்ச் (checkpatch) என்ற சரிபார்ப்பு ஸ்கிரிப்டைப் பயன்படுத்துகிறேன். சாதாரண ஆங்கிலச் சொற்பிழைகளைப் பிடிப்பதில் அது கெட்டி. மாறிலிப் பெயர்களுக்கு, அதாவது நிரலில் ஒரு நிலையான எண்ணைக் குறிக்கும் பெயர்களுக்கு, மட்டும் அதை நம்பாதீர்கள்.

ஒரு டிரைவர் ஆவணத்தில், வன்பொருளில் வசதி இல்லையென்றால் 'ஈநாட்சப்' (ENOTSUP) என்ற பிழைக்குறியைத் திருப்ப வேண்டும் என்று இருந்தது. கடைசியில் ஒரே ஒரு 'பி'. அப்படியே நிரலில் எழுதினேன், கம்பைல் ஆகவில்லை. இரண்டு 'பி' உள்ள பெயரா (ENOTSUPP) என்று கம்பைலரே கேட்டது. சரி, எழுத்துப்பிழைதான் என்று இன்னொரு 'பி' சேர்த்தேன். கம்பைல் ஆனது. கோப்பைச் செக்பேட்ச்சிடம் கொடுத்தேன், அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சோதனை நிரலை ஓட்டினால் 'அன்நோன் எரர் 524' என்று வந்து நிற்கிறது!

இரண்டு 'பி' உள்ளதன் எண் 524. நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் நெறிமுறையின் மூன்றாம் பதிப்புக்காகக் கெர்னலுக்குள் வைத்திருப்பது, பயனர் நிரல்களுக்குப் போகக் கூடாதது. ஒரு 'பி' உள்ளது பயனர் நிரல்கள் பக்கத்துப் பெயர், லினக்ஸில் அதன் எண் 95. கெர்னலில் அதே 95-க்கு உரிய பெயர் 'ஈஆப்நாட்சப்' (EOPNOTSUPP). ஆவணம் எழுதியவர் நினைத்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் முதலில் செய்த திருத்தம் பிழையை இன்னும் ஆழத்துக்குத் தள்ளியிருந்தது.

இந்த 524 பற்றிச் செக்பேட்ச்சுக்குத் தெரியும். ஆனால் பேட்ச்சாக, அதாவது மாற்றிய வரிகளின் பட்டியலாக, கொடுத்தால்தான் எச்சரிக்கும், முழுக் கோப்பாகக் கொடுத்தால் பேசாது. அதன் சொற்பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் தவறான சொல், இரண்டு செங்குத்துக் கோடுகள், சரியான சொல் என்றுதான் இருக்கும். அடிக்கோட்டால் ஒட்டிய பெயருக்குள் இருக்கும் பிழை அதன் கண்ணில் படாது. கெர்னல்-டாக் என்ற ஆவணக் குறியீட்டு முறையில் மாறிலிக்கு முன் சதவீதக் குறி போடுகிறோமே, அதுவும் எழுத்துருவை மாற்றுவதோடு சரி. ஃபங்ஷன் பெயருக்குக் கிடைக்கும் இணைப்பு மாறிலிக்குக் கிடையாது. ஆவணத்தைக் கட்டமைக்கும்போதே, மாறிலிகளை வரையறுக்கும் ஹெட்டர் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

இப்போது எந்த மாறிலியைத் தொட்டாலும் முதலில் 'கிட் கிரெப்' (git grep) என்ற தேடல் கட்டளையை முழுச்சொல் தேடலோடு ஓட்டி, ஹெட்டரில் அந்தப் பெயரின் எண்ணையும் மேலே உள்ள குறிப்பையும் படிக்கிறேன். அதே டிரைவரின் மூலநிரல் உண்மையில் எதைத் திருப்புகிறது என்றும் பார்க்கிறேன். கம்பைலர் தரும் பரிந்துரையை அதற்குப் பிறகுதான் ஏற்கிறேன். பேட்ச் விளக்கத்தில் பழைய பெயர், புதிய பெயர், அது எந்த ஹெட்டரில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதிவிடுகிறேன். வேறு திருத்தம் எதையும் அதோடு கலப்பதில்லை.