கிரனாடா அல்ஹம்ப்ரா டிக்கெட்: 236 யூரோ போச்சு. புக் பண்ணும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஸ்பெயினின் தெற்கே கிரனாடாவுக்குப் போகத் திட்டமிடுபவர்கள், அதிலும் ஐரோப்பாவில் வேலை பார்த்துக்கொண்டு ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துச் சுற்றிக் காட்ட நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள். டிக்கெட் மறுவிற்பனை செய்யும் ஓர் இணையதளம் எங்களிடமிருந்து 236 யூரோ பிடுங்கியிருக்கிறது. நம்மூர்க் காசுக்கு இருபதாயிரத்துக்கு மேல். தளத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை வேறு வேறு பெயரில் பல தளங்கள் செய்கின்றன, அதனால் பெயரைவிட அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அல்ஹம்ப்ரா ஒற்றைக் கட்டடம் இல்லை. குன்றின் மேல் மதிலுக்குள் ஒரு சின்ன ஊரே இருக்கிறது. மேற்கு முனையில் அல்கஸாபா என்ற பழைய கோட்டை. அதை ஒட்டி நஸ்ரித் அரண்மனைகள், அதாவது கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் வம்சத்துச் சுல்தான்கள் வாழ்ந்த இடம். கிழக்கே சற்றுத் தள்ளி ஹெனரலிஃபே, அதாவது சுல்தான்களின் கோடை மாளிகையும் தோட்டமும். நாம் படங்களில் பார்த்து வாய் பிளக்கிற எல்லாமே நஸ்ரித் அரண்மனைகளுக்குள்தான் இருக்கிறது. பன்னிரண்டு கல் சிங்கங்கள் சுமக்கும் நீரூற்று, அதைச் சுற்றி 124 பளிங்குத் தூண்கள், இரு சகோதரியர் மண்டபத்தில் தேன்கூடு போலத் தொங்கும் முகர்னாஸ் கூரை, கொமாரெஸ் முற்றத்தில் கோபுரம் தலைகீழாகத் தெரியும் நீண்ட குளம். சிங்க முற்றத்து அரண்மனை 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஐந்தாம் முகம்மது கட்டியது. சுவர் முழுக்கச் சுதை வேலை, கூட்டம் உரசினாலே கெட்டுப்போகும். அதனால்தான் அரைமணிக்கு இத்தனை பேர் என்று எண்ணி உள்ளே விடுகிறார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், தவறினால் உள்ளே விடமாட்டார்கள்.

ஏமாற்று வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பகல் நேரத்துக்கு அல்ஹம்ப்ரா நிர்வாகம் விற்கும் டிக்கெட்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று பொது டிக்கெட், அதில் எல்லாம் அடக்கம். இன்னொன்று தோட்டங்கள், ஹெனரலிஃபே, அல்கஸாபா மட்டும். விலை கிட்டத்தட்ட பாதி, நஸ்ரித் அரண்மனைகளுக்குள் அதை வைத்து ஓர் அடிகூட வைக்க முடியாது. முதல் வகை சீசனில் வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துபோகும். இரண்டாவது வகை அவ்வளவு சீக்கிரம் தீராது. மறுவிற்பனைத் தளங்கள் அந்த மலிவான டிக்கெட்டை வாங்கி, சிங்க முற்றத்தின் படத்தை மேலே ஒட்டி, முழு அல்ஹம்ப்ரா என்று பல மடங்கு விலைக்கு விற்கின்றன.

எங்களுக்கு விற்ற பக்கத்தின் தலைப்பு: ‘அல்ஹம்ப்ரா முழு நுழைவு, வரிசையில் நிற்க வேண்டாம்’. ஒருவருக்கு 59 யூரோ. மூன்று பெரியவர்கள், ஒன்பது வயதுப் பையன், ஆக 236. அதிகாரபூர்வத் தளத்தில் அந்தத் தேதி முழுக்கத் தீர்ந்திருந்தது, இங்கே மட்டும் காலண்டர் பச்சையாக இருந்தது. ஏஜென்சிகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்மையாகவே உண்டு, அதனால் வெளியே தீர்ந்தது இன்னொரு இடத்தில் கிடைப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அடுத்து நால்வரின் பாஸ்போர்ட் எண்ணும் அதில் உள்ளபடியே பெயரும் கேட்டது. இந்த இடத்தில்தான் முழு நம்பிக்கை வந்தது. அல்ஹம்ப்ரா டிக்கெட் பெயர் போட்டுத்தான் வரும், வாசலில் பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பார்கள், பெயரை மாற்ற முடியாது. இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு, பாஸ்போர்ட் எண் கேட்கிற தளம் அசலாகத்தான் தோன்றும். அதோடு நேரமும் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 11:30. உறுதிப்படுத்தும் மெயிலிலும் ‘11:30 நுழைவு’ என்றே வந்தது. நேரம் குறித்து விற்பது நஸ்ரித் அரண்மனைகளுக்கு என்பதால், அந்த ஒரு வரியைப் பார்த்த யாருக்கும் அது நஸ்ரித் நேரம் என்றுதான் படும். அது அப்படித்தான் படவேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அசல் பிடிஎஃப் வந்தது முந்தின நாள் இரவு. ஸ்பானிஷில் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் அல்ஹம்ப்ரா, பெயர், பாஸ்போர்ட் எண், க்யூஆர் கோடு எல்லாம் சரி. க்யூஆருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ஹார்தினெஸ், ஹெனரலிஃபே இ அல்கஸாபா’. ஹார்தினெஸ் என்றால் தோட்டங்கள். காலையில் ஹெனரலிஃபே வாசலில் ஸ்கேன் ஆனது, உள்ளே விட்டார்கள். அங்கிருந்து இருபது நிமிஷம் நடந்து, மதிலுக்குள்ளேயே இருக்கும் ஐந்தாம் கார்லோஸ் அரண்மனைக்குப் பக்கத்தில் நஸ்ரித் வரிசையில் நின்று, 11:30-க்கு வாசலில் நீட்டினால் ஸ்கேனரில் சிவப்பு விளக்கு. வாசலில் நின்ற ஊழியப் பெண்மணி அந்தப் பொடி வரியை விரலால் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, டிக்கெட்டில் என்ன இருக்கிறதோ அதன்படிதான் விட முடியும். கடல் தாண்டி வந்த வயதானவர்கள் அந்த வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கணக்கைப் பாருங்கள். அந்தத் தோட்ட டிக்கெட் நேரடியாக எடுத்தால் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு யூரோதான். 12 வயதுக்குக் கீழே இலவசம், டிக்கெட் மட்டும் பெரியவர்களோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். ஆக மூன்று பேருக்கு நாற்பது யூரோகூட வராது. நஸ்ரித் சேர்த்த பொது டிக்கெட்டே மூன்று பேருக்கு எழுபது யூரோவுக்குள்தான். இவர்கள் வாங்கியது 236. இலவசமாகப் போக வேண்டிய பையனுக்கும் 59 யூரோ வசூலித்திருக்கிறார்கள்.

‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்பதும் சுத்தப் பொய். டிக்கெட் கையில் உள்ள யாருமே கவுண்டருக்குப் போக வேண்டியதில்லை. மதிலில் இருக்கும் நீதி வாசல் வழியாக நேரே ஏறி உள்ளே போகலாம். நஸ்ரித் வாசலிலோ எல்லோரும் வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும், காசு கொடுத்து அதைத் தாண்ட வழியே கிடையாது.

இனி கஸ்டமர் கேர் கதை. முதலில் சாட்டில், ‘உங்கள் டிக்கெட் வெற்றிகரமாக வழங்கப்பட்டுவிட்டது’. கேட்டது வேறு, கொடுத்தது வேறு என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால், உள்ளூர்ப் பார்ட்னரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பார்ட்னர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. கொடுத்திருந்த ஸ்பெயின் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. அப்புறம் ஒரு மெயில்: ஹெனரலிஃபேயில் டிக்கெட் ஸ்கேன் ஆகியிருக்கிறது, சேவையைப் பயன்படுத்திவிட்டீர்கள், எனவே ரீஃபண்ட் கிடையாது. ஸ்கேன் பண்ணாமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, விற்பனைப் பக்கத்தின் அடியில் ‘மேலும் காண்க’ என்பதை அழுத்தினால் வரும் ஒரு வரியைக் காட்டினார்கள். ‘நஸ்ரித் அரண்மனைகள், தேர்ந்தெடுக்கும் விருப்பத்தைப் பொறுத்தது’ என்று இருக்கிறது. அப்படி ஒரு விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கவே அந்தப் பக்கத்தில் இடம் இல்லை. மறுபடி எழுதினால் அடுத்த புக்கிங்குக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். 236 யூரோவை விழுங்கிவிட்டு, இன்னும் அவர்களிடமே செலவழிக்கக் கூப்பன். அதற்கும் பதில் எழுதினால், ‘இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது’. அவ்வளவுதான், கையை விரித்துவிட்டார்கள்.

எழுத எழுத ஆத்திரம் ஏறுகிறது, அதனால் தப்பிக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நஸ்ரித் டிக்கெட் என்றால் ‘பலாசியோஸ் நசாரியெஸ்’ என்ற பெயரும் அதற்குப் பக்கத்திலேயே நேரமும் அச்சாகியிருக்கும். அது இல்லாத எந்தத் தாளும், மேலே என்ன படம் போட்டிருந்தாலும், உங்களை உள்ளே கொண்டுபோகாது. பணம் கட்டும் முன் விற்பவரிடம் ‘நஸ்ரித் அரண்மனைகள் அடக்கமா, எத்தனை மணி’ என்று எழுத்தில் கேளுங்கள். நேரடி பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அதிகாரபூர்வத் தளத்தில் தீர்ந்திருந்தால் அங்கேயே திரும்பத் திரும்பப் பாருங்கள், ரத்தாகும் டிக்கெட்டுகள் அவ்வப்போது மேலே வரும். கிரனாடா கார்டு என்ற நகர அட்டையில் நஸ்ரித் நேரமும் சேர்த்தே பதிவு செய்யலாம். நஸ்ரித் அரண்மனைகளுக்கு மட்டும் இரவு டிக்கெட்டும் தனியாக உண்டு, பகலில் கிடைக்காதவர்கள் அதைப் பாருங்கள். ஐந்தாம் கார்லோஸ் அரண்மனையின் வட்ட முற்றம், நீதி வாசல் இதற்கெல்லாம் டிக்கெட்டே தேவையில்லை, அதையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று விற்பவனிடம் காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே மாட்டியிருந்தால், விற்பனைப் பக்கத்தையும் மெயில்களையும் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ‘சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று’ என்று கார்டு வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுங்கள். தாமதித்தால் அவர்கள் பக்கத்தையே மாற்றிவிடுவார்கள். நாங்களும் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

கடைசியாக இன்னொரு எச்சரிக்கை: கீழே ஊருக்குள் கதீட்ரலுக்குப் பக்கத்தில் சிலர் கையில் ரோஸ்மேரிக் கொத்தைத் திணித்து, கைரேகை பார்த்துவிட்டுக் காசு கேட்பார்கள். கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள்.