பிஎல்சி வேலைக்கு எந்த ஏஐ? பீன்யா பட்டறையிலிருந்து ஓர் ஒப்பீடு

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் எங்கள் பட்டறை. கண்ட்ரோல் பேனல் கட்டுவோம், பிஎல்சிக்கு (மெஷினை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) புரோகிராம் எழுதுவோம், மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு வருவோம். மொத்தம் ஒன்பது பேர், அதில் ஆறு பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள். ஒன்றரை வருடமாக மூன்று வகை ஏஐ கருவிகளை இந்த வேலையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டோம். எதை வாங்கலாம் என்று இதே ஏரியாவில் கேட்காத ஆள் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதல் வகை, எல்லோரும் வைத்திருக்கும் சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி மாதிரியான பொது சாட்பாட். இரண்டாவது, பிஎல்சி கம்பெனிகளே தங்கள் மென்பொருளோடு இணைத்துத் தருவது. சீமென்ஸ் 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து இண்டஸ்ட்ரியல் கோபைலட்டை அறிவித்தது. ராக்வெல்லும் பெக்காஃபும் இதே வழியில் இறங்கியிருக்கின்றன. மூன்றாவது, இணையமே இல்லாமல் நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும் மாடல். ஓலாமா என்ற மென்பொருளைப் போட்டு, க்வென் கோடர் மாதிரி ஒரு மாடலை இறக்கிக்கொண்டால் போதும்.

சாட்பாட்டுகள் எழுத்தில் வளர்ந்தவை. நம் ஊரில் ஓடுகிற புரோகிராமில் பெரும்பகுதி லேடர், அதாவது படம். ரிலே சர்க்யூட் வரைபடம் மாதிரியே இருப்பதால் எலக்ட்ரீஷியன் பார்த்த உடனே புரிந்துகொள்வார். ராத்திரி 2 மணிக்கு லைன் நின்றால், லேப்டாப்பை மாட்டி எந்தக் கான்டாக்ட் பச்சையாகவில்லை என்று பார்த்துச் சரிசெய்கிறவர் அவர்தான். பிஎல்சி மொழிகளுக்கென்று 1993இல் வந்த ஐஇசி 61131-3 என்ற உலகத் தரம் லேடரோடு ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எழுத்து வடிவ மொழியையும் வைத்தது. ஏஐ நன்றாக எழுதுவது அந்த மொழியைத்தான். ஆக, அது சுலபமாக எழுதித் தருவதை நம் எலக்ட்ரீஷியன் சுலபமாகப் படிக்க முடியாது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பொது சாட்பாட்டில் எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லீக் டெஸ்ட் மெஷின். பாகத்துக்குள் காற்றை நிரப்பி, 5 விநாடி நிலைப்பட விட்டு, அப்புறம் அழுத்தம் குறைகிறதா என்று அளக்க வேண்டும். ஸ்டெப் வரிசையை சாட்பாட்டை எழுதச் சொன்னேன். பார்க்க அழகாக இருந்தது, எரர் இல்லாமல் கம்பைல் ஆனது. டிரையலில் முதல் பீஸ் ஓகே. அடுத்தது என்ஜி (தேறவில்லை), அதற்கடுத்ததும் என்ஜி.

"அண்ணா, ரெண்டாவது பீஸ்ல காத்து நிக்கவே இல்ல, உடனே அளக்குது" என்றான் வயரிங் பார்க்கிற தம்பி. காதில் கேட்டே பிடித்துவிட்டான். அந்த நிரலில் டைமர், 'ஸ்டெப் 20 (காற்று நிலைப்படும் கட்டம்) என்றால்' என்ற நிபந்தனைக்குள்ளே உட்கார்ந்திருந்தது. ஸ்டெப் மாறியதும் அந்த வரியே ஓடாது. அதனால் டைமரின் இன்புட் ஆஃப் ஆகாமல், முடிந்த நிலையிலேயே நின்றுவிடும். அடுத்த பீஸில் 5 விநாடி ஏற்கெனவே முடிந்தது போலத் தாண்டிப் போய்விடும். டைமரை வெளியே எடுத்து ஒவ்வொரு ஸ்கேனிலும் (புரோகிராமின் ஒவ்வொரு சுற்றிலும்) ஓட விட்டு, இன்புட்டில் மட்டும் ஸ்டெப் 20 என்று வைத்தோம். சரியானது. சாதாரணக் கம்ப்யூட்டர் நிரல் ஒரு வேலையைச் செய்துவிட்டு நகர்ந்துவிடும். பிஎல்சி அப்படியல்ல, சில மில்லிவிநாடிக்கு ஒரு தடவை மொத்தத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. சாட்பாட் எழுதியதைச் சரிபார்க்கும்போது நான் முதலில் கை வைப்பது டைமர்களில்தான்.

கம்பெனிக் கருவியில் நல்லது என்னவென்றால், அந்த பிராண்டின் பேச்சுவழக்கு அதற்குத் தெரியும். சீமென்ஸில் லோக்கல் மாறிக்கு முன்னால் ஹாஷ் குறி வேண்டும், டைமருக்குத் தனி டேட்டா பிளாக் வேண்டும். இதையெல்லாம் அது கேட்காமலே செய்துவிடும், காப்பி பேஸ்ட் தொல்லையும் இல்லை. ஆனால் அந்த பிராண்டுக்கு மட்டும்தான். உரிமம் வேண்டும், இணையம் வேண்டும். எங்களிடம் வருகிற மெஷின்களில் பாதிக்கு மேல் டெல்டா, மிட்சுபிஷி. அவற்றுக்கு இது எந்த வகையிலும் உதவாது.

எழுத வைப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கு உண்மையான பலன் கிடைத்தது படிக்க வைத்ததில். பன்னிரண்டு வருடப் பழைய மெஷின், கமென்ட் ஒன்றுகூடக் கிடையாது, எழுதியவர் எங்கே என்றே தெரியாது. பீன்யாவில் எந்த ஷெட்டைத் திறந்தாலும் இப்படி ஒன்று நிற்கும். மிட்சுபிஷி லேடரை ஜிஎக்ஸ் ஒர்க்ஸ் 2 மென்பொருளிலிருந்து இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்டாக, சிஎஸ்வி கோப்பாக எடுக்கலாம். படம் எழுத்தாகிவிடும். ஐஇசி தரம் 2013இலேயே ஓரங்கட்டிய மொழி அது, ஆனால் ஏஐக்கு அதுதான் நன்றாகப் புரிகிறது.

அப்படி ஒரு புரோகிராமில் எம்112 என்ற உள் நினைவக பிட் எங்கே ஆன் ஆகிறது என்று இரண்டு பேர் அரை நாள் தேடினோம். அதன் பெயரில் ஒரு காயில்கூட (லேடரில் பிட்டை ஆன் செய்கிற குறி) இல்லை. பட்டியலைப் பொது சாட்பாட்டிடம் கொடுத்தேன். ஓரிடத்தில் கே4எம்100 என்று மூவ் கட்டளை இருக்கிறது, அது எம்100 முதல் எம்115 வரை 16 பிட்டையும் ஒரே அடியில் எழுதுகிறது, எம்112 அதற்குள் வருகிறது என்று சொன்னது. போய்ப் பார்த்தோம், அதேதான். அன்றைக்கு எனக்கு இந்தக் கருவிமேல் ஒரு மரியாதை வந்தது. அப்புறம் மெஷின் திரையில் (எச்எம்ஐ) வரும் அலாரங்களைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதச் சொன்னோம். கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது, ஆனால் ஆபரேட்டர்கள் இப்போது அலாரத்தைப் படித்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் எல்லா வாடிக்கையாளரும் புரோகிராமை வெளியே அனுப்ப விடமாட்டார்கள். கார் பாகம் செய்கிற கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கின்றன. அங்கேதான் மூன்றாவது வகை. 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் 700 கோடி அளவுரு (பாராமீட்டர்) மாடல் சுருக்கிய வடிவில் ஓடிவிடும். 3,200 கோடி அளவுரு மாடலுக்கு 24 ஜிபி கார்டு தேவை. சின்னது பட்டியலுக்குக் கமென்ட் போடும், ஆனால் எம்112 மாதிரிச் சிக்கலைக் கொடுத்தால் தடுமாறுகிறது. தமிழும் கன்னடமும் அதற்குச் சரியாக வரவில்லை. பெரியது தேவலாம்.

எமர்ஜென்சி ஸ்டாப், லைட் கர்ட்டன் (கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை) சர்க்யூட்டை மட்டும் மூன்றில் எதனிடமும் கொடுப்பதில்லை. அதை சேஃப்டி ரிலே வைத்துக் கையால் வரைகிறோம், பட்டனை அழுத்தி நாங்களே சோதிக்கிறோம்.

இப்போதைக்கு என் கணக்கு இது: பலவித பிராண்டு வருகிற சின்னப் பட்டறைக்குப் பொது சாட்பாட்டின் மாதச் சந்தா ஒன்று, கூடவே சோதித்துப் பார்க்க சிமுலேட்டர். ரகசியம் கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால் 24 ஜிபி கார்டு. சீமென்ஸ் 1200, 1500 பிஎல்சி வேலையே முழு நேரம் செய்கிறவர்கள் கோபைலட் உரிமத்துக்கு டெமோ கேளுங்கள். போகும்போது உங்கள் பழைய புரோகிராம் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், அதைப் படித்து விளக்கச் சொல்லிப் பாருங்கள்.