பனியன் துணி பிரிந்தால் நேர்த்தையலா, ஜிக்ஜாக்கா?

டி-ஷர்ட்டின் அக்குள் பிரிந்தால் என் வாக்கு ஜிக்ஜாக்குக்கே. கையைத் தூக்கும்போது பின்னல் துணி நீளும். நேர்த்தையலின் நூல் அந்த அளவுக்கு நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். ஜிக்ஜாக்கில் நூல் வளைந்து வளைந்து போவதால் துணியோடு சேர்ந்து இழுபடும். அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. போதும், வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர்க்கோடுதான்.

தோள்பட்டை மட்டும் வேறு. அது நீளவே கூடாது, அங்கே நேர்த்தையலே நல்லது.

பழைய கறுப்பு மிதி மெஷினில் ஜிக்ஜாக் கிடையாது. அதில் பாலியஸ்டர் நூல் கோத்து, துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி தையுங்கள்.

எதில் தைத்தாலும் ஊசியை மாற்றுங்கள். முனை உருண்ட, 75/11 அளவு பால்பாயிண்ட் ஊசி, துணியின் கண்ணிகளை (பின்னலின் நூல் வளையங்களை) விலக்கிக்கொண்டு இறங்கும். கூரான ஊசி கண்ணியையே அறுக்கும். சில சலவைகளில் தையலோரம் ஓட்டைகள் வரிசை கட்டும்.