உறவினர் பட்டியலோடு வந்த ஒளிப்படக்காரர்கள்

கேண்டிட் (நிற்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் படம்), ட்ரோன் என்று விலை பேசும் ஒளிப்பட நிலையங்களுக்கு நடுவே, மதுரையில் எங்கள் இல்லத் திருமணத்திற்குப் படம் எடுத்தவர்கள் முதலில் கேட்டது உறவினர் பட்டியலைத்தான். யார் யாரைச் சேர்த்து நிறுத்த வேண்டும், நெடுநேரம் நிற்க இயலாத முதியவர்கள் யார், தாலி கட்டியதும் ஊருக்குக் கிளம்பிவிடுபவர்கள் யார் என்று எழுதி வாங்கிக்கொண்டதோடு, முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒருவரை இரு வீட்டாரும் நியமிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். எங்கள் தரப்பில் அப்பொறுப்பை ஏற்ற சித்தப்பா, ஒலிபெருக்கியின்றியே மண்டபத்தைத் திரட்டினார்.

முகூர்த்தம் முடிந்து வாழ்த்த வருவோரின் வரிசை தொடங்கிவிட்டால் மேடை நம் வசம் இராது என்பதால், நெருங்கிய உறவுகளின் படங்களை முதல் நாள் மாலை வரவேற்புக்கு முன்பே எடுத்துவிட்டு, மாலையும் தாலியுமாக மணமக்களோடு நிற்க விரும்பிய பெரியவர்களின் படங்களை மட்டும் மறுநாளுக்கு வைத்துக்கொண்டனர். தாத்தா, பாட்டியை நாற்காலியில் அமர்த்தி, அவர்கள் இடம்பெறும் படங்கள் அனைத்தையும் தொடர்ச்சியாக முடித்துப் பந்திக்கு அனுப்பிய பிறகே அடுத்த குழுவை அழைத்தனர். தாய்மாமன் வீட்டாருக்குத் தனிப் படம் உண்டா என்று ஒளிப்படக்காரர்களே நினைவூட்டியதை இங்கே குறிப்பிட வேண்டும். அது விடுபட்டால் எழும் மனத்தாங்கலை எந்த ஆல்பமும் ஆற்றாது.

மேடையின் பின்னாலிருந்த எல்இடி திரையால் படத்தில் கோடுகள் விழும் என்று அதை அணைக்கச் செய்தனர். எவரேனும் ஒருவர் கண் மூடிவிடுவார் என்பதால் ஒவ்வொரு குழுவையும் பலமுறை எடுத்தனர்.

குறைகளும் உண்டு. கடைசியாக எடுத்த பெருங்குழுப் படத்திற்கு அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்தியதால் ஓரத்தில் நின்றவர்கள் பருத்துத் தெரிகின்றனர். அத்தை இன்னும் சமாதானமாகவில்லை. ஆல்பம் விரித்தால் 12-க்கு 36 அங்குலம். அந்த நீள்வடிவத்தை நிரப்புவதற்காக மூன்று வரிசைக் குழுப் படத்தில் முன்வரிசையின் கால்களை வெட்டியிருந்ததுடன், நடு மடிப்பு மணமகனின் முகத்திலேயே விழுந்திருந்தது. அச்சிடுவதற்கு முன் சுட்டிக்காட்டியதும் திருத்தினர் என்றாலும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டது முறையன்று.

உறவினர் கூட்டம் மிகுந்த திருமணங்களுக்கு இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். ஆல்பத்தில் எத்தனை திருத்தங்கள் கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதை மட்டும் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.